நடுவில் முழுங்கிய வரி

எங்கள் குடியிருப்பில் 16 வீடுகள். இடம் சென்னை ஆதம்பாக்கம். மொட்டை மாடியில் ஏறினால் பரங்கிமலை தெரியும். நான்கு வருடமாக நான்தான் சங்கச் செயலாளர். போட்டியெல்லாம் கிடையாது, வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடக்கும். தண்ணீர், லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம் என்று வாதத்துக்குப் பஞ்சமே இல்லை.

அதற்கு முன் 31 வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சேர்ந்த முதல் வாரம் என் மேலதிகாரி கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துச் சொன்னார்: "கடுதாசியைப் படிக்கிறப்ப மூணே கேள்விம்மா. என்ன சொல்றார்? எதனால சொல்றார்? நடுவுல எதை முழுங்கிட்டார்?" முதல் இரண்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது.

அவர் எனக்குக் கொடுத்த முதல் கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. "இரவு காரை வீட்டு வாசலில் நிறுத்தினேன். காலையில் முன்கண்ணாடி உடைந்திருந்தது. எனவே யாரோ விஷமி கல் எறிந்திருக்கிறான்." வரிக்கு வரி உண்மை போலத்தான் இருந்தது. கார் நின்றது உண்மை, கண்ணாடி உடைந்தது உண்மை. 'எனவே' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு வரி காணாமல் போயிருந்தது: "கல் தவிர வேறு எதனாலும் கண்ணாடி உடையாது." சர்வேயர் போய்ப் பார்த்தார். காருக்கு நேர் மேலே குலை தள்ளிய தென்னை மரம்.

இந்த வழக்கத்தைத்தான் இங்கே சொல்லித் தரப் போகிறேன். வாதப் பிழைகளுக்கு நீளமான பெயர்ப் பட்டியல் உண்டு. அதை மனப்பாடம் செய்தவர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். எதிரே பேசுபவர் வாய் திறந்ததும் ஒரு பெயரைச் சூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவரால் இதுவரை ஒரு குழாய்கூடச் சரியானதில்லை.

எழுதிப் பாருங்கள், அடிக்கோடு போடுங்கள்

முதல் வேலை, கேட்டதை ஒரு தாளில் எழுதுவது. வாய்ப்பேச்சில் குரல் உயர்வதும், கை ஆட்டுவதும், "நான் இந்த ஏரியாவுக்கு வந்து 30 வருஷம்" என்பதும் காரணம் போலவே ஒலிக்கும். தாளில் அவை ஒட்டாது. முடிவு எது என்று தேடி ஒரு கோடு போடுங்கள். 'அதனாலதான்', 'ஆகவே', 'அப்போ' ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முடிவு. 'ஏன்னா'வுக்குப் பின்னால் வருவது காரணம். சிலர் முடிவைச் சொல்லவே மாட்டார்கள். "போன செயலாளர் இருந்தப்போ சங்கத்துக் கணக்குல ஒரு லட்சம் இருந்தது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கும் முடிவை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், முழுங்கிய வரி. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் தமிழில் சில இருக்கின்றன. 'தானே' அதில் முக்கியமானது. "பெரிய கம்பெனிதானே, தரமாத்தான் இருக்கும்." பெரிய கம்பெனி என்றால் தரமாக இருக்கும் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும், 'தானே' அதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிடுகிறது. 'இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்', 'சொல்லவா வேணும்' எல்லாம் அதே வேலைதான். எங்கே 'தானே' வருகிறதோ அங்கே பென்சில் நிற்கட்டும்.

இன்னொன்று, 'ஆம்' விகுதி. வந்தானாம், திறந்தார்களாம் என்று கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்ல நம் மொழியில் இரண்டே எழுத்து போதும். வாட்ஸாப்பில் செய்தி கை மாறும்போது முதலில் உதிர்வது அதுதான். இரவு ஏழு மணிக்கு "தண்ணி திறக்கப் போறாங்களாம்" என்று கிளம்புவது எட்டரைக்கு "தண்ணி திறந்துட்டாங்க" என்று வந்து சேரும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் ஏரி என்ற பெயரைக் கேட்டாலே இந்த ஊருக்கு வயிற்றைக் கலக்கும். நியாயமான பயம். ஒவ்வொரு நவம்பரும் எங்கள் குழுவில் ஒரு செய்தி வரும்: "செம்பரம்பாக்கம் 22 அடி தாண்டியாச்சு, மொத்த ஆழமே 24 அடிதான், நம்ம தெரு மூழ்கப் போகுது, கார்களை மேம்பாலத்துல ஏத்துங்க." 24 அடி சரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று கூடவே போட்டிருப்பார்கள், அதுவும் சரி. அன்றைய நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்தால் அதுவும் சில நாள் சரியாகவே இருக்கும். முழுங்கிய வரி: "செம்பரம்பாக்கத்தில் திறக்கும் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரும்." அந்த உபரிநீர் போவது அடையாற்றில். குன்றத்தூர், திருநீர்மலை, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போய்க் கடலில் சேருகிறது. எங்கள் தெருவின் மழைநீர் போவது வேறு பக்கம், வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. 2015-ல் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும் ஓடை வாங்காததால்தான். மணப்பாக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் செய்தி உயிர் காக்கும். எங்களுக்கு, ஓடையில் குப்பை அடைத்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் வேலை. காரணம் எல்லாம் உண்மையாக இருந்தும் வாதம் நிற்காமல் போகலாம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

இரண்டு டம்ளர் தண்ணீர்

போன வருடம் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் தம்பி ஒருவர் வந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எல்லாரும் இதையே செய்கிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து நான்கு கம்பிகள் தொங்குகின்றன, டம்ளருக்கு இரண்டு. பிளக்கைச் சொருகினார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் டம்ளரில் பழுப்பாக ஏதோ சுருள் சுருளாக இறங்கியது. அப்புறம் மேலே அழுக்கு நுரை கட்டி, பார்க்கவே குமட்டியது. அவர் டம்ளர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் மேடம் தினமும் குடிக்கிறீங்க. வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?" பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நான் மனதில் பென்சிலை எடுத்தேன். முடிவு: எங்கள் தண்ணீர் அழுக்கு, இயந்திரம் வாங்க வேண்டும். காரணம்: இதோ, பழுப்பு. முழுங்கிய வரி: "இந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது." இருந்ததா? மின்சாரம் விடுவதற்கு முன் இல்லையே. தண்ணீரும் மின்சாரமும் போக அந்த டம்ளரில் இன்னொரு பொருள் இருக்கிறது, கம்பி.

அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்தேன். "தம்பி, உங்க தண்ணியிலயே இதைப் போட்டு இன்னொரு தடவை காட்டுங்க." அவர் முகம் மாறியது. போடவில்லை. நானே போட்டேன். பிளக்கைச் சொருகியதும் அந்தச் சுத்தமான தண்ணீரும் பழுப்பானது. சமாச்சாரம் இதுதான்: கம்பிகளில் இரும்பு இருக்கிறது. உப்புகள் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தினால் இரும்பு கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, இரும்பும் கரையவில்லை. மாமி பார்த்துப் பயந்தது அந்தத் தம்பியின் கம்பியை.

அவர் விடவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தார், 680. "500-க்கு மேல போனா விஷம் மேடம்." இதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமே இருக்கிறது, ஐ.எஸ். 10500. 2012-ல் திருத்திய அந்த ஆவணத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. பாதி எண்ணைச் சொல்லி மீதி எண்ணை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அதற்கு அடுத்த பத்தியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். முடியவில்லை. தம்பி போனபின் எனக்கே ஒரு சந்தேகம். அவர் வாதம் சொத்தை என்று காட்டிவிட்டேன், சரி. தண்ணீர் நல்லது என்று எங்கே காட்டினேன்? சொத்தை வாதத்தின் முடிவு தற்செயலாக உண்மையாகவும் இருக்கலாம். ஒரு மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். உப்பு, கடினத்தன்மை எல்லாம் அனுமதிக்குள். ஆனால் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. கீழ்த்தொட்டியைக் கழுவி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பொறுப்பு யாருடையது என்றால், ஆம், செயலாளருடையது. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது, அந்தக் கருவியும் காட்டாது. தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, மறுபடி பரிசோதித்தோம். தப்பான காரணத்தைச் சொல்லி சரியான இடத்தில் அவர் என்னைப் பயமுறுத்தியிருக்கிறார்.

சொன்னவர் யார் என்பது

முதல் மாடி சார் பராமரிப்புப் பணத்தில் எட்டு மாத பாக்கி. லிஃப்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் எழுந்து, "இந்தத் தொகை ஜாஸ்தி. உதிரிபாகம் சேர்த்துன்னு ஒப்பந்தத்துல இருக்கு, ஆனா ரெண்டு தடவை உதிரிபாகத்துக்குத் தனியா பில் போட்டிருக்காங்க" என்றார். நான் சட்டென்று, "பாக்கி கட்டாதவங்க கணக்கு கேக்கறது நல்லாயிருக்கே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு பில்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பாக்கி வைத்தவர் கையில் இருந்தாலும் பில் பில்தான்.

க்ளெய்ம் பிரிவில் இதற்கு ஒரு கோடு வைத்திருந்தோம். ஒருவர் "என்னை நம்புங்கள்" என்றால் அவர் யார், அவருக்கு என்ன லாபம் என்று பார்ப்பது நியாயம். "இதைப் பாருங்கள்" என்று காகிதத்தை நீட்டினால் காகிதத்தைப் பார்க்க வேண்டும். மொட்டை மாடிக்கு உடனே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்காவிட்டால் கட்டடமே போய்விடும் என்று பூச்சு அடிக்கிறவரே சொன்னால் ஒரு படி தள்ளி நின்று கேட்கிறேன். அவரே சுத்தியலால் தட்டி, கைபிடிச் சுவரில் பொள்ளல் சத்தத்தைக் கேட்க வைத்தால், கேட்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அவர் உட்கார்ந்தபின் இரண்டாவது மாடியில் இருந்து ஒரு குரல்: "அப்போ லிஃப்டே வேண்டாங்கறீங்களா? வயசானவங்க எப்படி ஏறுவாங்க?" அவர் அப்படிச் சொல்லவே இல்லை. 'அப்போ' என்று தொடங்கி 'ங்கறீங்களா' என்று முடியும் வாக்கியம் வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். பத்தில் ஒன்பது தடவை, எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணிக்கிற வாக்கியம் அது. முழுங்கிய வரியை நாம் நிரப்பும்போதும் இந்த ஆபத்து இருக்கிறது. கோணலான வரியை நிரப்பி அடிப்பது சுலபம். அவர் கேட்டால் "ஆமாம், அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று தலையாட்டும்படி நிரப்புங்கள். என் மேலதிகாரி கடிதம் எழுதியவருக்கே போன் போட்டு, "இப்படித்தானே நினைச்சீங்க?" என்று கேட்பார். அதில் 'தானே' வருவது எனக்கும் தெரிகிறது.

ஒரு சோறு எப்போது பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நல்ல பழமொழி, பானைக்குள் இருக்கும்வரை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி, அதனால் ஒன்றைப் பிதுக்கினால் போதும். "பின்தெருவுல 300 அடி போர் போட்டாங்க, தண்ணி பிச்சுக்கிட்டு வருது, நாமளும் போடலாம்" என்பவர் இரண்டு தெருவையும் ஒரே பானை என்கிறார். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணற்பாங்கு. அங்கே ஓரளவு பொருந்தலாம். எங்கள் பக்கம் அடியில் பாறை, பரங்கிமலையின் அதே பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் இருக்கும். வெடிப்பில் பட்டால் தண்ணீர், 20 அடி தள்ளினால் வெறும் தூள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு என்னையே உதாரணம் காட்டுகிறேன். 2003-ல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் எங்கள் மூலைக் கிணற்றில் தண்ணீர் நன்றாக ஏறியது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! 2005 மழை கொட்டித் தீர்த்த வருடம் என்பதைச் சொல்ல வசதியாக மறந்துவிடுவேன். குழாய் போடாத வீட்டுக் கிணறும் அந்த வருடம் ஏறியதா என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை. மழைநீர் சேகரிப்பு பலன் தரும் என்று இப்போதும் நம்புகிறேன். மண்ணுக்குள் தண்ணீரை விட்டால் மண்ணுக்குள்தான் போகும். ஆனால் என் கிணற்றுக் கதை அதற்கு ஆதாரம் இல்லை. நமக்குப் பிடித்த முடிவுக்கு வரும் வாதத்தில் பென்சில் தானாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு இதைத்தான் பாடமாக நடத்துகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவு. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. போலிகளுக்கும் பட்டியல் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, தெரிவது ஆவியா பனியா புகையா என்ற சந்தேகம் தீராமலே நெருப்பு என்று துணிந்துவிடுவது. போகியன்று விடியற்காலை எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்தப் பாடம் அப்படியே எதிரே நிற்கும். பரங்கிமலை தெரியாது. மறைப்பது மார்கழிப் பனியா, தெருவெல்லாம் எரிந்த பழைய பாயின் புகையா? மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

போர் போடும் விஷயம் இன்னும் முடியவில்லை. மூன்றாவது மாடி சார் போன மாதம் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தார். பெரியவர், சாந்தமான முகம். குடுமியோடு ஒரு தேங்காய் கேட்டார். என் வீட்டிலிருந்துதான் கொடுத்தேன். உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். இருசக்கர வண்டிகள் நிற்கும் மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. கூட்டம் வாயடைத்துப் போயிற்று. "அய்யா சொன்ன இடத்துல பத்துக்கு எட்டு தண்ணி வந்திருக்கு" என்றார் சார்.

"அய்யா சொல்லாத இடத்துல போட்டவங்களுக்கு பத்துக்கு எத்தனை வந்தது சார்?"

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை யாரும் எண்ணலையே மேடம்" என்றார். இப்போது அவரே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வருகிறார்: போர் எந்த வருடம், எத்தனை அடி, யார் இடம் பார்த்தது, மே மாதம் தண்ணீர் இருந்ததா. நேற்று வரை 11 வீடு ஆகியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் இன்னும் பத்தாவது வேண்டும் என்கிறார். தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது என் அடுக்களையில்தான் இருக்கிறது, இன்னும் உடைக்கவில்லை.